படகு மோட்டாருக்கு ஒரு முள்: ட்ரிம் கேஜ் பொருத்தலாம் வாங்க!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும். கீபோர்டில் தட்டினால் எழுத்து வருகிறது, சரி. ஆனால் சூடு, அழுத்தம், சாய்வு, தண்ணீர் மட்டம் போன்ற வெளி உலக விஷயங்கள் எல்லாம் எப்படி எண்ணாக மாறி ஒரு மெஷினுக்குள் போகின்றன? இந்தக் கேள்விக்கு நான் இன்ஜினியரிங் படித்தபோது பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் உண்மையில் புரிந்தது போன வருடம் மே மாதம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வயர் பிடித்தபோதுதான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். புராஜெக்ட் வேலையாக மினியாபொலிஸ் பக்கம் வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஒரு பெரியவரின் வீட்டில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். அவருக்கு வயது 74. அவரிடம் ஒரு பான்டூன் படகு இருக்கிறது. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள் மிதக்கும். அவற்றின் மேல் சமதளமாக ஒரு பலகைத் தளம், அதில் சோபா மாதிரி இருக்கைகள், சுற்றிலும் கம்பி வேலி. வீட்டுத் திண்ணை தண்ணீரில் மிதக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 1950களின் தொடக்கத்தில் இதே மின்னசோட்டாவில், ரிச்மண்ட் என்ற ஊர்ப் பக்கம் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி இரும்பு பீப்பாய்களை வரிசையாக இணைத்து மேலே மரத்தளம் போட்டார். பான்டூன் படகுத் தொழில் அங்கிருந்து வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டுமே 11,842 உள்ள மாநிலம் இது. இங்கே வீட்டுக்கு வீடு படகு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பெரியவரின் பிரச்சினை

அவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. எலும்புகளைத் தகடு வைத்து இணைத்துவிட்டார்கள். வலி இல்லை, ஆனால் தலையைத் திருப்ப முடியாது. பின்னால் பார்க்க வேண்டுமானால் உடம்போடு சேர்ந்து முழுவதும் திரும்ப வேண்டும்.

படகு ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மோட்டார் படகின் பின்புறம் தொங்குகிறது. அதை ஒரு பட்டனை அழுத்தி மேலும் கீழும் சாய்க்கலாம். இப்படிச் சாய்ப்பதற்குப் பெயர்தான் ட்ரிம். ஹைட்ராலிக் பம்ப் ஒன்று மோட்டாரைத் தள்ளும். பான்டூன் படகில் ஓட்டுநர் இருக்கைக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு பெரிய சோபா இருக்கிறது. சாதாரண ஆளே எழுந்து நின்று எட்டிப் பார்த்தால்தான் மோட்டார் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

அதற்கு முந்தின வருடம் செப்டம்பரில் நடந்த சம்பவத்தை அவரே சொன்னார். ஆழமில்லாத கரையில் மோட்டாரை உயர்த்தி வைத்திருந்திருக்கிறார். கிளம்பும்போது பட்டனை அழுத்தி இறக்கினார். முழுவதும் இறங்கிவிட்டது என்று நினைத்தார். இறங்கவில்லை. பேரக் குழந்தைகள் இரண்டு பேர் படகில் இருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டியதும் ப்ரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்தது. மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகளும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டன. சூடேறி அலாரம் அடித்தது. நடு ஏரியில், மாலை நேரத்தில், குளிர்காற்றில் ஒரு மணி நேரம் நின்றார்கள். பிறகு வேறொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போனது.

அவருடைய மகன் கோபமாகப் பேசவில்லை. "அப்பா, படகை விற்றுவிடலாம்" என்று மட்டும் சொன்னாராம். பெரியவர் என்னிடம் இதைச் சொன்னபோது படகைப் பற்றிப் பேசுவது மாதிரி இல்லை. "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, பின்னால் பார்க்காமல் மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருக்கிறதா?" என்று கேட்டார்.

வழி ரொம்பப் பழையது. அதன் பெயர் ட்ரிம் கேஜ். டாஷ்போர்டில் பெட்ரோல் முள் மாதிரி ஒரு வட்டம். மோட்டார் கீழே இருந்தால் முள் கீழே, மேலே இருந்தால் மேலே.

ட்ரிம் ஏன் இவ்வளவு முக்கியம்?

மோட்டாரை உள்பக்கமாக, அதாவது கீழே சாய்த்தால் படகின் மூக்கு அழுந்தும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இதுதான் வேண்டும். வேகம் எடுத்த பிறகும் அப்படியே விட்டால் பான்டூன் படகின் முன்பக்கம் தண்ணீரை உழுதுகொண்டு போகும். ஸ்டியரிங் கனமாக இருக்கும், பெட்ரோல் வீணாகும். எதிரே பெரிய அலை வந்தால் தண்ணீர் முன் தளத்தின் மேலேயே ஏறிவிடும். அங்கேதான் குழந்தைகள் உட்கார விரும்புவார்கள்.

மெல்ல மேலே சாய்த்தால் மூக்கு உயரும், படகு லேசாகும், அதே பெட்ரோலில் வேகம் கூடும். அளவுக்கு மீறி உயர்த்தினால் மேலே சொன்ன காற்று இழுக்கும் கதைதான். பெரும்பாலான மோட்டார்களில் ஓட்டும்போது பயன்படும் சாய்வு முதல் 20 டிகிரி அளவுதான். அதற்கு மேலே உயர்த்துவது ஆழமில்லாத இடத்துக்கும் டிரெய்லரில் ஏற்றுவதற்கும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரு 20 டிகிரியை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சென்ஸர் என்பது ஒரு வால்யூம் திருகிதான்

உங்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வால்யூம் கூட்ட ஒரு திருகி இருக்கிறதல்லவா? பல ஸ்பீக்கர்களில் அதற்குள்ளே ஒரு மின்தடைப் பட்டையும் அதன் மேல் நகரும் ஒரு தொடுமுனையும் இருக்கும். திருகினால் மின்தடை கூடும் அல்லது குறையும். மோட்டாரின் சாய்வை அளக்கும் சாதனமும் இதேதான். மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கத்தில் கறுப்பாக ஒரு சிறு டப்பா. அதிலிருந்து ஒரு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் சாயும்போது நெம்பு தள்ளப்படும், உள்ளே மின்தடை மாறும். இதைக் கடையில் செண்டர் என்பார்கள். நடுப்பகுதி என்று பொருள் தரும் செண்டர் இல்லை, தகவலை அனுப்புவது என்ற பொருளில். குழப்பம் வேண்டாம், நான் சென்ஸர் என்றே எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர்களில் சவுண்டு கார்டின் பின்னால் 15 ஊசி ஜாய்ஸ்டிக் போர்ட் ஒன்று இருந்தது. அந்த ஜாய்ஸ்டிக்கின் உள்ளேயும் இதே மாதிரி இரண்டு மின்தடைகள்தான், ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. விண்டோஸ் 98 காலத்தில் விளையாட ஆரம்பிக்கும் முன் குச்சியை எல்லா மூலைக்கும் ஆட்டச் சொல்லி காலிபரேட் செய்யும். படகிலும் அதே காலிபரேஷன் வரப்போகிறது, நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் பாருங்கள்

மதர்போர்டிலேயே சவுண்டு வசதி இருக்கும்போது தனியாக சவுண்டு கார்டு வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் கிட்டத்தட்ட அதே தவறைச் செய்ய இருந்தேன். கேஜும் சென்ஸரும் சேர்த்து ஒரு செட் ஆர்டர் போடும் நேரத்தில் பெரியவர்தான் "முதலில் மூடியைக் கழற்றிப் பார்" என்றார். மோட்டாரின் மேல் மூடியைத் தூக்கினால், உள்ளே பிரவுன் நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் ரப்பர் மூடி போட்டுச் சும்மா கிடக்கிறது! சென்ஸர் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. படகு கட்டியவர்கள் கேஜ் வைக்கவில்லை, அதனால் வயரை டாஷ்போர்டு வரை இழுக்கவில்லை. பவர் ட்ரிம் உள்ள பல மோட்டார்களில் இப்படி இருக்கும்.

அமெரிக்கப் படகுகளில் வயர் நிறங்களுக்குப் பொதுவான வழக்கம் உண்டு. பிரவுனில் வெள்ளைக் கோடு என்றால் ட்ரிம் சென்ஸர். ஊதா என்றால் சாவி போட்டதும் வரும் 12 வோல்ட். கறுப்பு என்றால் எர்த். நீலம் கேஜ் விளக்குக்கு. பிங்க் பெட்ரோல் முள்ளுக்கு, சாம்பல் நிறம் ஆர்பிஎம் காட்டும் டேகோமீட்டருக்கு. நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஏற்கெனவே யாரோ கைவைத்த படகில் நிறம் பொய் சொல்லும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்தேன். மோட்டார் முழுவதும் கீழே இருக்கும்போது 10 ஓம். முழுவதும் மேலே 160 ஓம். நடுவில் சீராக ஏறுகிறது, எங்கும் குதிக்கவில்லை. சென்ஸர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் மோட்டாரின் கணக்கு. உங்கள் நண்பர் எவரிடமாவது வேறு கம்பெனி மோட்டார் இருந்தால் எண்கள் வேறாக இருக்கும். இன்னொரு விஷயம், ஓம் அளக்கும்போது வயர் எதிலும் இணைந்திருக்கக் கூடாது, கரண்டும் இருக்கக் கூடாது.

இவ்வளவு அளந்தும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அழகாக இருக்கிறது என்று ஒரு கேஜை வாங்கிவிட்டேன். பெட்டியில் எந்த மோட்டாருக்கு என்று எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. மாட்டினால், மோட்டார் முழுக்க மேலே போனாலும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. சாஃப்ட்வேரில் ஒருவர் ஒரு ஃபார்மேட்டில் அனுப்பி இன்னொருவர் வேறு ஃபார்மேட்டில் படித்தால் என்ன ஆகும்? அதேதான். கேஜ் எதிர்பார்க்கும் ஓம் அளவும் சென்ஸர் தரும் ஓம் அளவும் பொருந்த வேண்டும். பெட்ரோல் கேஜ்களிலேயே அமெரிக்க வகையில் டேங்க் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகையில் காலிக்கு 10, நிறைந்தால் 180. ஒன்றை மற்றதில் மாட்டினால் டேங்க் காலியாகும்போது முள் நிறைந்துவிட்டது என்று சொல்லும்! கேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் மோட்டாருக்குரியதை வாங்கி வந்தேன்.

இணைக்கும் முறை

முதலில் பாதுகாப்பு. சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மோட்டாரை உயர்த்தி அதன் கீழே கை வைப்பதாக இருந்தால், அதைத் தாங்கும் பூட்டு நெம்பைக் கண்டிப்பாகப் போடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அத்தனை எடைக்குக் கீழே தலையை நீட்டக் கூடாது.

கேஜின் பின்னால் மூன்று திருகுகள். ஐ என்றால் இக்னிஷன், ஜி என்றால் கிரவுண்டு, எஸ் என்றால் சென்ஸர். பக்கத்திலேயே டேகோமீட்டர் இருந்ததால் அதன் ஐ முனையிலிருந்து ஒரு சின்ன ஊதா வயரை நம் கேஜின் ஐ முனைக்கு இழுத்தேன். அந்த லைனில் ஏற்கெனவே பியூஸ் இருந்தது. ஜி முனையை டாஷ்போர்டுக்குக் கீழே எல்லாக் கறுப்பு வயர்களும் சேரும் பட்டைக்குக் கொண்டு போனேன். எஸ் முனையிலிருந்து மோட்டார் வரை புது வயர்.

கேஜ் வைக்க டாஷ்போர்டில் வட்டமாக ஓட்டை போட வேண்டும். போடும் முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஸ்டியரிங் கேபிள் போகும். இந்த ஓட்டையைப் பெரியவரே போட்டார். மரவேலையில் அவர் கை என் கையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

டாஷ்போர்டிலிருந்து மோட்டாருக்கு வயர் இழுப்பதற்குத்தான் பாதி நாள் ஆனது. தளத்துக்கு அடியில் மற்ற வயர்கள் போகும் குழாய் வழியாகவே இதையும் இழுத்தோம். பழைய வயர் ஒன்றோடு நூலைக் கட்டி, நூலோடு புது வயரைக் கட்டி இழுக்கிற நம் எலக்ட்ரீஷியன் உத்திதான். தகரம் பூசிய செம்பு வயரே படகுக்கு நல்லது, சாதாரண செம்பு ஈரத்தில் பச்சை பிடித்துப் போகும். ஜாயின்ட்களில் வெறும் டேப் சுற்றாதீர்கள். கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையைப் போடுங்கள். மோட்டார் பக்கம் வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். மோட்டார் இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழும் சாயும். இறுக்கிக் கட்டினால் ஒரே மாதத்தில் அறுந்துவிடும்.

எர்த்துக்கு அலுமினிய உடம்பையே பயன்படுத்தினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. காரில் அப்படித்தானே செய்கிறார்கள். கூடாது. தண்ணீரில் இருக்கும் அலுமினியத்தில் கரண்ட் ஓட விட்டால் உலோகம் அரித்துக்கொண்டே போகும். குழாயில் ஓட்டை விழுந்தால் திண்ணை முழுகும்!

காலிபரேஷன்

மோட்டாரை முழுவதும் கீழே இறக்குங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முள் கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? சென்ஸரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களின் ஓட்டைகள் நீள்வட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். தளர்த்தி, டப்பாவை மெல்லத் திருப்பினால் முள் நகரும். சரியான இடத்தில் முடுக்கிவிடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் தண்ணீரில் நின்று திருப்பினேன், பெரியவர் முன்னால் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று குரல் கொடுத்தார். மின்னசோட்டாவில் மே மாதத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

முள் அசையவே இல்லை என்றால் ஒரு சுலபமான சோதனை உண்டு. எஸ் முனையில் உள்ள வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான கேஜ்களில் முள் ஒரு கோடிக்குப் போகும். அடுத்து எஸ் முனையையும் ஜி முனையையும் ஒரு சிறு வயரால் தொட வையுங்கள். மறுகோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜ் நல்லது, பிரச்சினை வயரிலோ சென்ஸரிலோ இருக்கிறது. நடக்காவிட்டால் கேஜிலோ அதற்கு வரும் கரண்டிலோ கோளாறு. இன்டர்நெட் வரவில்லை என்றால் மோடமா, கேபிளா, கம்ப்யூட்டரா என்று நடுவில் வெட்டிப் பார்ப்பீர்களே, அதே முறை. எங்கு வேண்டுமானாலும் பயன்படும்.

விளக்கு போட்டால் முள் நகர்ந்தது!

எல்லாம் முடிந்தது என்று காபி குடித்துவிட்டு, சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் போனோம். பெரியவர் படகின் சிவப்பு பச்சை விளக்குகளைப் போட்டார். முள் சட்டென்று கொஞ்சம் மேலே போனது. அணைத்தார், இறங்கியது. மோட்டார் அசையவே இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் மாறியது. எனக்கும் புரிந்தது. தலையைத் திருப்ப முடியாத மனிதர் இந்த முள்ளை மட்டுமே நம்பி ஓட்டப் போகிறார். பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் காட்டுகிற முள் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். முள் இல்லாவிட்டால் அவர் எழுந்து நின்றாவது பார்ப்பார்.

அன்று இரவு பேப்பரில் வரைந்து பார்த்தேன். காரணம் எர்த். கேஜின் கறுப்பு வயரும் விளக்குகளின் கறுப்பு வயரும் ஒரே பட்டையில் சேர்கின்றன. அந்தப் பட்டையிலிருந்து பாட்டரிக்குப் போகும் ஒரு ஜாயின்ட் துருப்பிடித்து, அரை ஓம் மின்தடை வைத்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். விளக்குகள் 2 ஆம்பியர் இழுத்தால் 2 பெருக்கல் 0.5, ஆக 1 வோல்ட். பூஜ்யம் என்று கேஜ் நம்பிக்கொண்டிருக்கும் தரை 1 வோல்ட் உயர்ந்துவிட்டது. சென்ஸரோ மோட்டார் பக்கம், பாட்டரியின் உண்மையான பூஜ்யத்தில் நிற்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு தரையில் நின்றுகொண்டு உயரம் ஒப்பிட்டால் கணக்கு தப்பாமல் என்ன செய்யும்?

பாட்டரி வோல்டேஜ் கூடிக் குறைவதால் இப்படி ஆகுமோ என்றும் முதலில் நினைத்தேன். மோட்டார் ஓடும்போது 12 வோல்ட் 14 ஆகிவிடுகிறதே. ஆனால் இந்த வகை கேஜ்களுக்குள் இரண்டு காயில்கள் எதிரெதிராக முள்ளை இழுக்கின்றன. வோல்டேஜ் கூடினால் இரண்டும் சேர்ந்து கூடும், முள் அதே இடத்தில் நிற்கும். எர்த் கெட்டால் மட்டும் இந்தச் சமநிலை போய்விடுகிறது.

மறுநாள் விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, பட்டைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அளந்தேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 0.8 காட்டியது. பட்டையின் மூலை ஸ்க்ரூவைக் கழற்றினால் வெள்ளைப் பொடி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் போட்டு முடுக்கினேன். மீட்டரில் 0.02. விளக்கைப் போட்டால் முள் அசையவில்லை.

உங்கள் வீட்டிலும் இதே கதை நடக்கலாம். கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? ஃபேன் போட்டால் ஸ்பீக்கரில் உர் என்று சத்தமா? சிஸ்டத்தைக் குறை சொல்வதற்கு முன் பிளக் பாயிண்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நீங்களே திறந்து பார்க்காதீர்கள், அது 12 வோல்ட் இல்லை, 230.

இதையே கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா?

தாராளமாக. இத்தாலியில் 2005-ல் பிறந்த ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு என்னிடம் இருந்தது. யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் சொருகலாம். இதில் 0 முதல் 5 வோல்ட் வரை வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றும் வசதி உண்டு. வெளி உலகம் எண்ணாவது இங்கேதான்.

சென்ஸர் வயரை கேஜிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டேன். இதை மறக்கவே கூடாது, கேஜ் வழியாக 12 வோல்ட் போர்டுக்குள் வந்தால் போர்டு போயே போச்சு. ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து 220 ஓம் மின்தடை ஒன்று, அதன் மறுமுனையில் சென்ஸர் வயர். அந்தச் சந்திப்பைப் போர்டின் அனலாக் முனைக்குக் கொடுத்தேன். இரண்டு எர்த்தையும் சேர்த்துவிட்டேன். மோட்டார் கீழே, 10 ஓம். 10-ஐ 230-ஆல் வகுத்து 1024-ஆல் பெருக்கினால் 44 வரும். மேலே, 160 ஓம். 160-ஐ 380-ஆல் வகுத்துப் பெருக்கினால் 431. திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. மோட்டார் பாதியில் இருக்கும்போது சென்ஸர் 85 ஓம். எண் 44-க்கும் 431-க்கும் நடுவில் 238 அளவில் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வருவது 285. மின்தடை சீராக ஏறினாலும் வோல்டேஜ் சீராக ஏறாது, ஏனென்றால் வகுக்கும் எண்ணும் கூடவே மாறுகிறது. அதனால் புரோகிராமில் "இந்த எண் வந்தால் இந்தச் சாய்வு" என்று ஐந்தாறு இடங்களில் அளந்து ஒரு சிறு அட்டவணை போட்டு வைக்க வேண்டும். சென்ஸர் தரும் எண்ணை அப்படியே நம்பாமல் கணக்குப் போட்டுத் திருத்துவது சாஃப்ட்வேரின் வேலை.

புது மோட்டார்களில் இந்தத் தொல்லை கிடையாது. மோட்டாருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. சாய்வை அதுவே எண்ணாக்கி, என்எம்இஏ 2000 என்ற படகு நெட்வொர்க்கில் அனுப்புகிறது. காருக்காக பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட கேன் என்ற முறைதான் இதற்கு அடிப்படை. ஒரே கேபிளில் ஜிபிஎஸ், ஆழமானி, மோட்டார் எல்லாம் பேசும். வேகம் நொடிக்கு 2,50,000 பிட். மோட்டார் அனுப்பும் தகவல் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 127488 என்ற எண்ணுள்ள தகவலில் ஆர்பிஎம்மும் ட்ரிம் எத்தனை சதவிகிதம் என்பதும் சேர்ந்தே வரும், நொடிக்கு பத்து முறை. கேபிளின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடை கட்டாயம் இருக்க வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரண்டு தகவல் வயர்களுக்கு இடையில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் மின்தடை விட்டுப்போயிருக்கிறது. டிஜிட்டல் உலகத்திலும் கடைசியில் ஓம் அளக்கத்தான் வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!

எங்கள் படகுக்கு இத்தனையும் தேவையில்லை. லேப்டாப் சோதனை முடிந்ததும் ஆர்டுயினோவைக் கழற்றிவிட்டு முள்ளையே மீண்டும் மாட்டினேன். வெயிலில் திரையைவிட முள் நன்றாகத் தெரிகிறது.

இப்போது

ஒரு விஷயத்தைப் பெரியவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். முள் மோட்டார் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லாது. ஆட்கள் எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அலை எப்படி என்பதைப் பொறுத்து அது மாறும். மோட்டாரின் பின்னாலிருந்து பீய்ச்சும் சின்னத் தண்ணீர்த் தாரையையும் கிளம்பும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும். தாரை வந்தால்தான் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கு மட்டும் அவர் எழுந்து நிற்கிறார்.

ஜூன் மாதம் மகன் குடும்பத்தோடு வந்தார். பெரியவர் பின்னால் திரும்பாமல் மோட்டாரை இறக்கினார், முள் கீழ்க் கோட்டைத் தொட்ட பிறகுதான் வேகம் கொடுத்தார். படகு சீராகப் போனது. பட்டனை விட்டுவிட்டு அழுத்தி முள்ளை மூன்றாவது கோடு வரை கொண்டு வந்தார். ஸ்டியரிங் லேசானது. கண்ணாடியில் அந்த இடத்தில் அவரே ஒரு சிவப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தார், அதைத் தாண்டக் கூடாது என்பதற்காக. மகன் அந்த டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பது பற்றிப் பேச்சு வரவில்லை.

அக்டோபரில் படகைக் கரையேற்றி மூடி வைத்தோம். அடுத்த ஏப்ரலில் ஏரியில் பனி உருகியதும் முதல் வேலையாக அந்த எர்த் பட்டை ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.